கைமாறும் வேடங்கள்

பழைய புத்தகம் வாங்குகிறோம். முன்னவர் அடிக்கோடிட்ட பக்கங்களைக் கண்டு மகிழவும் செய்கிறோம். பழைய மிதிவண்டி வாங்குகிறோம். என் அறை நண்பர் பழைய கைப்பேசியை அன்றிப் புதியது வாங்கியதே இல்லை. ஆனால் உடை என்று வந்ததும் நம்மில் பலருக்கு முகம் சுளித்துவிடுகிறது. "எவனோ உடுத்திக் கழித்ததை நான் உடுத்துவதா?" என்கிறோம். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மேடை, அதற்கென உடுத்தும் வேட உடைக்கும் இதே கேள்விதான். அக் கேள்வி பொருளற்றது என்பது என் கருத்து. அதனைச் சொல்லவே எழுதுகிறேன்.

காஸ்பிளே என்னும் சொல் இப்போது நம் விடுதிகளிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. 1983-இல் நொபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் ஆக்கிய சொல் அது. கதையிலோ சித்திரத்திலோ வரும் ஒரு பாத்திரமாகத் தன்னை முடி முதல் அடி வரை ஒப்பனை செய்துகொண்டு, ஒத்த மனமுடையோர் கூடும் இடத்திற்குச் செல்வதே காஸ்பிளே. குலசேகரன்பட்டினத்துத் தசராவைக் கண்டவர்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டுவதில்லை. அங்கே காளியும் குறவனும் குரங்கும் காவலரும் ஒரே தெருவில் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அது நேர்ச்சை, இது விளையாட்டு. அந்த வேறுபாட்டை மறக்கவில்லை. ஆயினும் வேடம் கட்டியவன் நடையே மாறிவிடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

2011-இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கத்திற்கும் வந்து சேர்ந்தது. நம் பல்கலைக்கழகத்திலிருந்தும் சிலர் இரவு வண்டி ஏறிப் போனார்கள். போனவர்கள் மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். உடைகளோ அன்றிலிருந்து பெட்டிக்குள் கிடக்கின்றன. நுரைத் தகட்டில் வெட்டி ஒட்டிய மார்புக் கவசம், நீல மயிர்த்தொப்பி, முழங்கால் வரை வரும் செயற்கைத் தோல் காலணி. விடுதிக் கட்டிலின் அடியில் இவற்றுக்கு இடமேது? ஆகவே கைப்பேசியில் படம் பிடித்து விற்பனைத் தளங்களில் ஏற்றுகிறார்கள். வாங்குபவர் கோவையிலோ கொச்சியிலோ இருப்பார். ஆறாயிரம் ரூபாய்க்கு உருவான உடை இரண்டாயிரத்திற்குப் போகும். இரவு இரவாக விழித்த உழைப்புக்கு அங்கே விலையில்லை. விற்பவருக்கு இது வருத்தந்தான். ஆனால் கையில் இரண்டாயிரம் மட்டுமே உள்ள மாணவனுக்கு இதுவே வாயில்.

இந்நகரத்துக்கு இந்த வாணிகம் புதிதன்று. 1957 சனவரியில் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழா, 63-ஆவது முறையாக 2025 சனவரியில் இத் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. நாட்டியத்தில் போட்டியிடும் பெண்ணுக்குப் பரதம், மோகினியாட்டம், குச்சிப்புடி என்று ஆட்டத்துக்கு ஓர் உடை வேண்டும். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த பட்டுடை அவள் அளவுக்கே தைத்தது; வளரும் பிள்ளை; மறு ஆண்டு இடுப்புப் பட்டை எட்டாது. பெற்றோர் என்ன செய்வர்? விற்கின்றனர். வாங்குபவரோ கீழ்வகுப்பில் ஆடும் இன்னொரு குழந்தையின் தாய். முன்பு நாட்டிய ஆசிரியையின் வீட்டு முற்றத்தில் நடந்தது, இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. நகையின் செய்தி வேறு. நாகர்கோவில் வடசேரியில் நம்மவர் கைகளால் உருவாகும் ஆலய நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை; கழுத்துக்கும் இடுப்புக்கும் வயது பார்ப்பதில்லை; நன்கு பேணினால் தலைமுறைக்கும் கைமாறும். இந்தத் தாய்மார் எவரும் பழையது என்று வெட்கப்பட நான் கண்டதில்லை. வெட்கமெல்லாம் நமக்குத்தான்!

கதகளியைப் பாருங்கள். அதன் அணிகலப் பெட்டி பெரும்பாலும் நடிகருக்குச் சொந்தமன்று. குழுவுக்கோ, வாடகைக்குத் தருபவருக்கோ உரியது. பச்சை வேடத்தின் முடியை இன்று ஒருவர் நளனாக அணிவார், நாளை மற்றொருவர் அருச்சுனனாக அணிவார். முன்னவர் வியர்வை பட்டதென்று பின்னவர் முடியை மறுத்தால் ஆட்டமே இல்லை. நம் நாடகக் குழுக்களிலும் ஒரு ராஜபார்ட் உடை எத்தனை தோள்களைக் கண்டிருக்கும்! கிழவி வேடத்தால் ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்ற தி. க. சண்முகம் 1912-இல் பிறந்தது இதே நகரத்தில் என்பதை நம் சங்கத்தார் அடிக்கடி பெருமையோடு சொல்வதுண்டு. அவர் மரபில் வந்தவர்கள் நாம் என்று மேடையில் முழங்கிவிட்டு, அறைக்குள் வந்து பழைய உடையைக் கண்டு மூக்கைப் பொத்துவது எப்படிப் பொருந்தும்?

அந்த அருவருப்பின் வேரையும் தோண்டிப் பார்க்க வேண்டும். அழுக்கு என்றால் துவைத்தால் போகும். போகாதது எதுவோ அது அழுக்கன்று. தீட்டு என்ற பழைய எண்ணம். யார் எதை உடுத்தலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு வகுத்த நாடு இது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859-ஆம் ஆண்டில். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பிறகு. அப்போதும் உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு! அந்த அறிவிப்பு பிறந்த நகரத்தில், எந்த ஊர்ப் பிள்ளையும் தான் விரும்பிய அரசனாகவோ வீரனாகவோ வேடம் புனைந்து நடக்கிறான். அவன் பணப்பைக்கு எட்டும் விலையில் அந்த வேடம் கிடைப்பது எனக்குச் சிறிய செய்தியாகப் படவில்லை.

இனி, குறைகளுக்கு வருகிறேன். என் விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில் ஒரு முழு வேடத்தை இணையத்தில் வாங்கினார். படத்தில் காலணி கருங்கல் போல மின்னியது. பெட்டியைத் திறந்தபோது மேல்தோல் செதில் செதிலாகக் கையோடு வந்தது. விற்றவரைக் கேட்டால், "ஒரே ஒரு முறைதான் அணிந்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்! வேதியியல் படிப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன். ரெக்சின் என்று நாம் பொதுவாக அழைக்கும் செயற்கைத் தோலில் ஒரு வகை, துணியின்மேல் பாலியூரித்தேன் பூசியது. காற்றின் ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். அணிந்தாலும் அறுக்கும், அணியாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அறுக்கும். ஆண்டுக்கு இரண்டு மழை பெய்யும் இவ்வூரில் கேட்கவே வேண்டாம். ஆகவே "எத்தனை முறை அணிந்தீர்கள்?" என்று மட்டும் கேட்பது போதாது. "வாங்கி எத்தனை ஆண்டாயிற்று? எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். நுரைத் தகட்டுக்கு ஈரத்தைவிட வெப்பமே பகை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த கவசம் வளைந்துவிடும். மயிர்த்தொப்பியோ செயற்கை இழை; சூட்டுக் கருவி பட்ட இடம் உருகிச் சுருண்டிருக்கும். அதன் உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

அளவு இன்னொரு தொல்லை. சிறியது, நடுத்தரம், பெரியது என்ற சொற்களை நம்புவதற்கில்லை. சீனாவில் தைத்து வரும் வேட உடைகளில் பெரியது என்பது நமக்குப் பெரும்பாலும் சிறியது. தோள், மார்பு, இடுப்பு, உயரம் நான்கையும் சென்டிமீட்டரில் விற்பவர் எழுத வேண்டும். தையற்காரரிடம் ஒருமுறை அளவு கொடுத்து எழுதி வைத்துக்கொள்வதில் நமக்கென்ன குறை?

இந்த இடத்தில் சட்டம் நமக்குக் கைகொடுக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகள், தொழிலாக அன்றித் தன் சொந்தப் பொருளை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிமனிதரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்கு உடை விற்றால், இருவருக்கும் நடுவே இருப்பது நாணயம் ஒன்றே. விற்பவரே நம் மொழி பேசுபவராக இருந்தால் போதும் என்று நினைக்கும் அப்பாவிகளும் நம்மிடையே உண்டு. தமிழில் ஏமாற்ற முடியாதா என்ன!

ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்லர். "பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரக் குறியீட்டைப் படமெடுத்து உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று விற்பவரிடம் சொல்லும் எத்தர் கூட்டம் ஒன்று உலவுகிறது. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணைக் கேட்டாலே உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எனக்கு உடன்பாடில்லாத வாதம் ஒன்று வேடக்காரர்களிடையே உண்டு. "தானே செய்யாதவன் வேடக்காரனே அல்லன், வாங்கி அணிபவன் போலி" என்பர். வசதியும் இடமும் தையல் எந்திரமும் உள்ளவர் சொல்லும் சொல் இது. நால்வர் தங்கும் அறையில் பசையின் நெடி வந்தாலே காப்பாளர் கதவைத் தட்டுகிறார். ஆனால் அவ்வாதத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு. 2003-இல் நகோயாவில் தொடங்கிய உலகக் காஸ்பிளே மாநாடு போன்ற போட்டிகளில் உடையைப் போட்டியாளரே செய்திருக்க வேண்டும். அங்கே வாங்கிய உடையைத் தன் கைவேலை என்பது, பிறர் ஆய்வேட்டில் தன் பெயர் பொறிப்பதற்கு ஒப்பாகும். 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதனின் உடையில் வந்தார் என்று பலரும் எழுதுகின்றனர். அவருடையதையும் தன்னுடையதையும் சேர்த்துத் தைத்தவர் உடன் வந்த மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி. அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஆகவே உடை கைமாறும்போது செய்தவரின் பெயரும் கூடவே கைமாற வேண்டும். ஒரு சிறு துணித் துண்டில் எழுதி உட்புறத்தில் தைத்துவிட்டால் போதும். சாலைத் தெருவில் நமக்குத் தைத்துத் தரும் தையற்காரர் பெயரும் அதில் இருக்கட்டும்.

நம் சங்கம் இதில் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. முத்தமிழ் விழாவுக்கு ஆண்டுதோறும் உடை வாங்குகிறோம். பாரி, கண்ணகி, காவலர் நால்வர். விழா முடிந்ததும் அவை எங்கே போகின்றன? இவற்றோடு மாணவர்கள் விற்க விரும்பும் வேடங்களையும் ஓர் அலமாரியில் வைத்து, அளவு, வயது, குறை, செய்தவர் பெயர், கேட்கும் விலை என ஐந்து பத்தி போட்ட ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடலாம். வாங்குபவர் தொட்டுப் பார்த்து, உடுத்திப் பார்த்து வாங்கட்டும். விற்காதவற்றை மட்டும் இணையத்தில் ஏற்றலாம், அதே ஐந்து செய்திகளோடு. இதற்கென நன்கொடை திரட்ட வேண்டியதில்லை. சங்க அறையிலுள்ள இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. சென்ற வாரம் செயலாளரிடம் கேட்டேன். கொள்கை அளவில் தடையில்லை என்றார். சாவியைத்தான் தேட வேண்டுமாம்.