குசினியில் நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?

காஸ் பைப்பை மாற்றினீர்களா, ரெகுலேட்டரைச் சரியாகப் பூட்டினீர்களா என்று இனியும் என்னிடம் கேட்காதீர்கள் ஐயா. மாற்றினேன். பூட்டினேன். சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்த்தேன்.

அப்படியும் 2021 நவம்பரில், சொதி கொதித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அடுப்பு வெடித்துச் சிதறியது. தேங்காய்ப்பாலுக்குள் கண்ணாடித் துண்டுகள். மகளின் முழங்கையில் ஒன்று. முறையிடப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாவிக்கத் தெரியாமல் பாவித்திருப்பீர்கள் அம்மா" என்றார். அப்படியே எழுதியும் கொண்டார். அடுப்படியிலேயே தலை நரைத்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

பிறகு ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவே சொன்னது, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதுதான் முக்கிய காரணமென்று. புரொப்பேனைக் கூட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். பழைய கலவைக்குப் பழகிய ரெகுலேட்டரும் பைப்பும் கசியும். எங்களுக்கு இது எப்படித் தெரியும்? நிரப்பியவர்களுக்குமா தெரியாது? கசிவை மணத்தால்தான் பிடிப்போம். அந்த மணத்துக்குச் சேர்க்கும் மேர்கப்டனும் போதவில்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது. மூக்கையும் கட்டிவிட்டுத்தானா கவனம் என்கிறீர்கள்?

அடுத்த வருடம் காஸே இல்லை. 1493 ரூபா விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துத் தெருவில் வரிசை வைத்தோம். ரைஸ் குக்கரை நம்பினால், மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் கியூ. கொழும்புத் தொடர்மாடியில் நாலாம் மாடிக்காரி விறகை எங்கே வைத்து எரிப்பாள்? "காற்றோட்டமான இடத்தில் சமையுங்கள்" என்று புத்தி மட்டும் இலவசமாக வந்தது.

பல்கனியில் கரியடுப்பு வைத்தோம். மழை வந்தால் உள்ளே தூக்கக் கை துடிக்கும். தூக்கவில்லை. தணல் அணைந்ததுபோலக் கிடந்தாலும் காபன் மொனொக்சைட்டைக் கக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பூட்டிய அறையில் படுத்தவர் எழும்பாமலே போகலாம். நனைந்துகொண்டே கஞ்சி காய்ச்சினோம். இவ்வளவு கவனமாக இருந்தவர்களுக்குத்தான் பாவிக்கத் தெரியாதவர்கள் என்ற பட்டம்!

எங்களுக்குப் பாடம் எடுத்தது போதும். வெடித்த அடுப்புக்கும் காயப்பட்ட கைக்கும் நட்டஈட்டைத் தாருங்கள். பாவிக்கத் தெரியாதவள் என்று எழுதி வைத்ததை, என் கண்முன்னே வெட்டுங்கள்.