சிலம்பனின் மலையிலே சிலம்பத்துக்குத் திண்ணையா?

ஏற்காட்டு மலையிலே மே மாதம் கோடை விழா! மலர்க் கண்காட்சி, ஏரியிலே படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி என்று காணக் கூட்டம் கூடுகிறது. அந்த விழா மேடையிலே மலைக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் சிலம்பம் சுற்றக் கண்டோம். கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்றைக் கிழிக்கும் ஒலிதான் காதிலே விழுந்தது. கூடியிருந்தோர் கைதட்டினர், களித்தனர், கலைந்தனர். நாய்கள் கண்காட்சியிலே நடுவர் உண்டு, பரிசு உண்டு. இந்தச் சிறுவனுக்கோ கைதட்டல் மட்டும்!

சிலம்பு என்ற சொல்லுக்கு மலை என்றொரு பொருளும் உண்டு. குறிஞ்சித் தலைவனைச் சிலம்பன் என்றே அழைத்தனர் நம் முன்னோர். அந்தக் குறிஞ்சி நிலத்திலேயே சிலம்பம் வேடிக்கைப் பொருளாகி நிற்பது நெஞ்சைச் சுடுகிறது.

சிலம்பம் வேடிக்கையா? நெற்றி உயரக் கம்பெடுத்து, காலடி வரிசை கற்று, வீச்சும் வெட்டும் தடுப்பும் பழகிய பிறகே எதிராளி முன் நிற்கிறான் மாணவன். அடித்து வீழ்த்துவதல்ல வெற்றி. தன்மேல் படாமல் காத்து, எதிராளியைத் தொட்டு மீள்வதே வெற்றி. தொட்டதற்குப் புள்ளி உண்டு. கணக்கும் இருக்கிறது, கண்ணியமும் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தின் அரங்கிலே இடம் இருக்கிறதா?

2020 டிசம்பரில் டில்லி ஒரு முடிவெடுத்தது. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலே களரிப்பயிற்று, கட்கா, தாங்-தா, மல்லகம்பம் ஆகிய நான்கையும் சேர்த்தது. வாழ்க அந்தக் கலைகள்! களரி நம் அண்டை வீட்டுக் கலை, அழுக்காறு நமக்கில்லை. ஐந்தாவது இலை ஒன்று போடக் கூடாதா என்றுதான் கேட்கிறோம். 2024 சனவரியில் அந்தப் போட்டி தமிழகத்துக்கே வந்தது. அப்போதுதான் சிலம்பத்துக்கு இடம் கிடைத்தது, அதுவும் காட்சி விளையாட்டாக! விருந்து நம் வீட்டிலே. நமக்கு இலை திண்ணையிலே!

டில்லியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. கொரியரின் டேக்வாண்டோவும் 1988 சியோல் ஒலிம்பிக்கிலே காட்சி விளையாட்டுத்தான். 2000 சிட்னியிலே அது பதக்க விளையாட்டாயிற்று. எப்படி? 1972இல் குக்கிவோன் என்ற தலைமையகம், 1973இல் உலகக் கூட்டமைப்பு, ஒரே வகையான தரத் தேர்வு என்று முன்னமே அடித்தளம் இட்டிருந்தனர். நம்மிடமோ ஆளுக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு விதி! இந்தச் சங்கத்துச் சான்றிதழை அந்தச் சங்கம் மதிப்பதில்லை. நடுவிலே நசுங்குவது யார்? ஏழை வீட்டுப் பிள்ளை!

அரசு வேலையிலே விளையாட்டு வீரருக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் மாநில அரசு சேர்த்திருக்கிறது, வரவேற்கிறோம். அந்தப் பயன் மலையேற வேண்டாமா? மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஆசான் ஒருவர் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். சாதி பாராமல், ஆண் பெண் பேதமின்றி அவர் கற்றுத்தர வேண்டும். சங்கங்கள் ஒன்றுகூடி ஒரே விதி நூல் எழுத வேண்டும். அதைக் கையிலே ஏந்திக்கொண்டு டில்லியிடம் நிலையான இடம் கேட்போம். இரந்தல்ல, உரிமையோடு!

அடுத்த கோடை விழாவிலும் அந்தச் சிறுவன் கம்பெடுத்து வருவான். கைதட்டத் தயங்க மாட்டோம். ஆனால் தோழர்களே, கைதட்டல் சோறு போடாது!