உதடு இணைந்தது, முகம் இன்னும் வளர்கிறது

பிளவுபட்ட உதட்டுடனோ அண்ணத்துடனோ ஒரு குழந்தை பிறந்தால், நம் மஹல்லாக்களில் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள் என்பது ஒன்று. ஓர் ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது ஈமானுக்குப் பொருந்தாதது. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பி, பல பிள்ளைகளைப் பாதி வழியிலேயே விட்டுவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று, அந்தத் துயரத்தின் நடுவிலும் அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் இணைய வேண்டிய முகப்பகுதிகள் இணையாமல் நின்றுவிடுவதே இப்பிளவு. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. கிரகணத்தைக் காட்டித் தாயைக் குற்றவாளியாக்குவது அநீதி.

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். பொதுவாக உதட்டை 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் இணைக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று பெற்றோர் ஊர் திரும்புகிறார்கள். ஆனால் முகத்தின் வளர்ச்சி அன்றோடு முடிவதில்லை. அறுவைச் சிகிச்சையின் தழும்பு, மேல்தாடை முன்னோக்கியும் அகலவாட்டிலும் வளர்வதைத் தடுக்கக்கூடும். கீழ்த்தாடையோ தன் போக்கில் வளர்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவர்களுக்குப் பருவ வயதில் நடுமுகம் உள்வாங்கி, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்துவிடுகின்றன. மெல்லுவதும் பேசுவதும் சிரமமாகின்றன.

இதை விளக்கும் சான்று நம் அண்டை நாட்டில் கிடைத்தது. 1980-களில் இலங்கையில், சிகிச்சையே பெறாமல் வளர்ந்துவிட்ட பெரியவர்களை மைக்கேல் மார்ஸ் என்ற பிரிட்டிஷ் பல் சீரமைப்பு நிபுணரின் குழு ஆராய்ந்தது. பலருடைய மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தது. அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா? அவ்வாறு முடிவு செய்வது பெரும் பிழை. அண்ணம் மூடப்படாதவர்களின் பேச்சு பெரிதும் சிதைந்துவிடுகிறது. குழந்தைப் பருவச் சிகிச்சை கட்டாயம் வேண்டும். அதைத் தேர்ந்த கைகள் செய்ய வேண்டும். முகத்தின் வளர்ச்சி முடியும்வரை கண்காணிப்புத் தொடர வேண்டும் என்பதே இதன் பாடம்.

அந்தக் கண்காணிப்புக்கு ஒரு வரிசை உண்டு. பேச்சுப் பயிற்சி சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். ஈறு எலும்பில் பிளவு இருந்தால், கோரைப்பல் முளைக்கும் முன், ஏறத்தாழ 8 முதல் 11 வயதுக்குள் அங்கு எலும்பு வைத்து நிரப்புவார்கள். பிறகு கிளிப் போட்டுப் பல்வரிசையைச் சீராக்குவார்கள். தேவைப்பட்டால், வளர்ச்சி நின்றபின் மேல்தாடையை முன்னகர்த்தும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டியும் தறி நெய்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு, ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. வலி இல்லையே என்று வருகை குறைந்து, ஒருநாள் நின்றே போகிறது. பெண்ணுக்கு நிக்காஹ் பேசும்போதுதான் முகம் மீண்டும் பேச்சாகிறது. அப்போது சிலர் கத்ர் என்கிறார்கள். சிலர் தாடையைத் திருத்துவது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது என்கிறார்கள்.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தியை இவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார். அது துர்நாற்றம் வீசவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கமே அவருக்கு அனுமதிக்கப்பட்டது. அழகுக்காக மட்டும் படைப்பை மாற்றுவது வேறு, குறையை நீக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? சிகிச்சை தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கக் கற்ற உம்மத் நாம்.

ஆகவே ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய குழந்தைக்கு ஒருமுறை உதவித்தொகை கொடுத்துக் கணக்கை முடிக்காமல், அதன் பெயரைப் பதிவேட்டில் 18 வயதுவரை வைத்திருக்க வேண்டும். 2013 முதல் நடைபெறும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற அரசுத் திட்டமும் பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானதே. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அதில் அடங்கும். அதன்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு வழிகாட்ட, படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்றால் போதும். பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும், தகுதியுள்ளோருக்கு ஜகாத்திலிருந்தும் மற்றோருக்கு ஸதகாவிலிருந்தும் ஈடுகட்டலாம்.

தொடர்ந்து செய்யப்படும் அமல், சிறிதாயினும், அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று பயான்களில் கேட்கிறோம். ஒரு பிள்ளையின் முகம் வளர்ந்து முடியும்வரை உடன் நிற்பதும் அத்தகைய அமலே. அதற்குரிய பொறுமையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!