யுத்தப் புத்தகங்களும் நமது விமர்சகர்களும்

கடற்போர், ராணுவ சரித்திரம் பற்றிய புத்தகங்களைச் சிபாரிசு செய்யப் புறப்பட்டால் நம் இலக்கிய வட்டத்தில் முதலில் எதிர்ப்படுவது ஒரு முகச்சுளிப்பு. யுத்தம் அநாகரிகம், ஆகவே அதைப் பற்றிய புத்தகமும் அநாகரிகம் என்பது இந்தச் சுளிப்பின் தர்க்கம். காஃப்காவும் காம்யுவும் இருக்கிற அலமாரியில் பீரங்கிக்கும் கப்பலுக்கும் என்ன வேலை? அதெல்லாம் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் ஓய்வு பெற்ற சுபேதார்களுக்கும். இப்படிச் சொல்பவர்களே மேடையேறினால் கடாரம் கொண்டவனைப் பற்றிப் புல்லரித்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்புக்கு நம்மிடம் உள்ள பிரதான சான்று அவனது மெய்க்கீர்த்தி. பல கலங்களைச் செலுத்தினான், கடாரத்து அரசனைப் பிடித்தான், இன்ன இன்ன ஊர்களை வென்றான் என்று சொல்கிறது. கலங்கள் எத்தனை, எந்தத் துறையிலிருந்து கிளம்பின, எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. மெய்க்கீர்த்தியின் வேலை அது அன்று. இந்த வெற்றிடத்தை நம் சரித்திர நாவல்காரர்கள் பாய்மரத்தாலும் மார்தட்டலாலும் நிரப்பினார்கள். வாசகன் அதைச் சரித்திரம் என்றே வாங்கிக்கொண்டான். விமர்சகனோ நடை மட்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அது பொய்யா மெய்யா என்ற கேள்வி தன்னுடையது இல்லை என்று நினைத்தான். ஹெர்மன் குல்கே, கேசவபாணி, விஜய் சகுஜா மூவரும் தொகுத்த 'நாகப்பட்டினம் டு சுவர்ணத்வீபா' (2009) என்ற கட்டுரைத் தொகுப்பு இந்தப் படையெடுப்பை வணிகப் பின்னணியில் வைத்து ஆராய்கிறது. நம் மேடைப் பேச்சுகளில் அதன் சுவடு தென்படுவதில்லை.

நான் முதலில் சிபாரிசு செய்வது ஜான் கீகனின் 'தி ஃபேஸ் ஆஃப் பேட்டில்' (1976). இதில் கடல் இல்லை. அஜின்கூர் (1415), வாட்டர்லூ (1815), ஸோம் (1916) என்ற மூன்று தரைப்போர்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் சொன்ன கீகன், தான் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்று சொல்லியே தொடங்குகிறார். பிறகு, புகழ்பெற்ற பழைய போர் வர்ணனை ஒன்றை, நேப்பியர் அல்புயேராவைப் பற்றி எழுதியதை, எடுத்து வைத்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகப் பிரிக்கிறார். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஒரே உடம்பாக நகர்கிறார்கள், ஒரே உணர்ச்சி கொள்கிறார்கள். தலைவனுக்கு மட்டுமே முகம் உண்டு. இந்தப் பாஷை எதை மறைக்கிறது என்று கேட்கிறார் அவர். இது அசல் இலக்கிய விமர்சனம். பரணிகளை இந்த விதத்தில் வாசித்த விமர்சகர்கள் நம்மில் எத்தனை பேர்?

இரண்டாவது, ஆண்ட்ரூ கார்டனின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' (1996). 1916 மே 31 அன்று தொடங்கிய ஜட்லண்ட் கடற்போர்தான் விஷயம். பிரிட்டிஷ் தரப்பில் 14 கப்பல்களும் 6,094 உயிர்களும் போயின. ஜெர்மன் தரப்பில் 11 கப்பல்களும் 2,551 உயிர்களும். ஆனால் போரின் நடுவிலேயே கதையை நிறுத்திவிட்டு கார்டன் பல பத்தாண்டுகள் பின்னால் போகிறார். 1893 ஜூன் 22, லெபனான் கடற்கரையில் திரிபோலிக்கு அருகே ஒத்திகை. இரண்டு வரிசைக் கப்பல்களும் உட்புறமாகத் திரும்பட்டும் என்று அட்மிரல் ட்ரையன் உத்தரவிடுகிறார். இடைவெளி போதாது என்று மற்ற அதிகாரிகளுக்குத் தெரிகிறது. எதிர் வரிசையில் மார்க்கம் தயங்குகிறார். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கொடி மூலம் கேள்வி வருகிறது. மார்க்கம் திரும்புகிறார். அவருடைய கேம்பர்டவுன், ட்ரையனின் விக்டோரியாவை இடித்து மூழ்கடிக்கிறது. ட்ரையன் உள்பட 358 பேர் சாகிறார்கள். இதில் கசப்பான விஷயம், சிக்னலுக்காகக் காத்திராமல் கேப்டன்கள் சுயமாக முடிவெடுக்கப் பழக வேண்டும் என்று அந்தக் கடற்படையில் போராடியவர் ட்ரையன்தான். அவருடைய சாவோடு அந்தப் போதனையும் மூழ்கியது. அன்று அதே கப்பலில் காய்ச்சலோடு படுத்திருந்து பிழைத்தவர் ஜெல்லிகோ. ஜட்லண்டில் தலைமைத் தளபதி.

ஜட்லண்ட் இரவில் ஜெர்மன் கப்பல்கள் பிரிட்டிஷ் வரிசையின் பின்புறமாகக் கடந்து தப்பின. மலாயா என்ற கப்பலிலிருந்து அவற்றைப் பார்த்தார்கள். பீரங்கி அதிகாரி சுட அனுமதி கேட்டார். கேப்டன் மறுத்தார். நாம் பார்ப்பதை அட்மிரலும் பார்த்திருப்பார் என்பது அவருடைய நியாயம். ஜெல்லிகோ பார்க்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நம் இலக்கிய உலகில் ஒரு மூத்த எழுத்தாளரின் மோசமான நாவலை ஐம்பது பேர் படித்துவிட்டு, பெரியவருக்குத் தெரியாததா என்று மௌனமாக இருக்கிறார்களே, அந்த மௌனத்தின் உடற்கூற்றை இதைவிட விரிவாக எழுதிய புத்தகத்தை நான் படித்ததில்லை.

மூன்றாவது, ஜொனாதன் பார்ஷலும் ஆண்டனி டலியும் எழுதிய 'ஷாட்டர்ட் ஸ்வார்ட்' (2005). 1942 ஜூன் 4, மிட்வே. இதற்கு முன்னால் இருந்த கதை, பெர்ல் ஹார்பர் தாக்குதலில் முதல் அலைக்குத் தலைமை வகித்த ஃபுச்சிடா சொன்னது. மிட்வேயில் அவர் குடல்வால் ஆபரேஷன் ஆகி, அகாகி கப்பலில் வெறும் பார்வையாளராக இருந்தார். ஜப்பானிய விமானங்கள் தளத்தில் கிளம்பத் தயாராக நின்றன, இன்னும் ஐந்தே நிமிஷம் கிடைத்திருந்தால் பறந்திருக்கும், அதற்குள் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன என்று அவர் எழுதினார். 1955இல் ஆங்கிலத்தில் வந்த இந்த ஐந்து நிமிஷத்தை மேற்கில் ஐம்பது வருஷம் நம்பினார்கள். பார்ஷலும் டலியும் ஜப்பானிய விமானப் பிரிவுகளின் அன்றைய பதிவுகளை மணிவாரியாக அடுக்கினார்கள். காவல் விமானங்கள் அந்தத் தளங்களில் ஓயாமல் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. தாக்குதல் விமானங்கள் பெரும்பாலும் கீழே கூடத்தில்தான் இருந்தன. அவற்றை மேலே கொண்டுவந்து வரிசைப்படுத்த அரை மணிக்கு மேல் ஆகும். ஜப்பானின் அதிகாரபூர்வ சரித்திரம் 1971லேயே ஃபுச்சிடாவுக்கு மாறாக எழுதியிருந்தது. கதை அவ்வளவு நன்றாக இருந்ததால் மேற்கே யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் சமாசாரம் என்று தள்ள முடியாது. 1983 முதல் 2009 வரை ஈழத்தில் நடந்த போரில் கடலும் ஒரு களம். திருகோணமலைக் கடலிலும் முல்லைத்தீவுக் கடலிலும் மனிதர்கள் செத்தார்கள். அந்தப் போரைப் பற்றி நினைவுக் குறிப்புகள், நாவல்கள், கவிதைகள் வந்திருக்கின்றன, இன்னும் வரும். நம் வட்டம் அவற்றைப் பெரும்பாலும் வாசிப்பது இரண்டு விதமாக: ஒன்று கும்பிடு, இல்லாவிட்டால் சங்கடமான மௌனம். இதைச் சொல்பவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார், என்ன பார்த்திருக்க முடியும், உத்தரவு யாருடையது, தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் யார் என்று கேட்டால், செத்தவர்களை அவமதிப்பது என்கிறார்கள். கேட்காமல் இருப்பதுதான் அவமதிப்பு. போரை வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அதைப் பற்றி எதுவும் அறியாமல் இருப்பவன், அடுத்த பரணிக்காரன் வரும்போது கைதட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யப்போகிறான்?

கீகனில் தொடங்கி, பார்ஷல்-டலியைப் படித்துவிட்டுக் கடைசியில் கார்டனுக்கு வாருங்கள். தடித்த புத்தகம், பொறுமை வேண்டும். வரைபடங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எந்தக் கப்பல் எங்கே நின்றது என்று தெரிந்தால்தான், அதிலிருந்தவன் பார்த்ததாகச் சொல்வதைப் பார்த்திருக்க முடியுமா என்று தெரியும்.