6/6 என்பது ஒரே ஒரு பாடத்தின் மதிப்பெண்

கொஞ்சம் நீளமான பதிவு. பார்வை நரம்பில் அழற்சி வந்து குணமானவர்களும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

டாக்டர்கள் இதை ஆப்டிக் நியூரைட்டிஸ் என்பார்கள். எனக்கு 41 வயதில் இடது கண்ணில் வந்தது. கண்ணை அசைத்தால் வலி. நாலைந்து நாளில் அந்தக் கண்ணுக்கு எல்லாமே புகைமூட்டம். ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது 6/6 வரியைத் தடுமாறாமல் படித்தேன். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சை தந்தவர்களுக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த 6/6ஐக் காட்டி, "இனி உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்பது சரியில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

சாதாரணப் பார்வை உள்ளவர் 6 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படித்தால் அது 6/6. ஹாலந்து நாட்டு கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட பலகையின் வழிமுறை இது. நல்ல வெளிச்சம், வெள்ளைப் பின்னணி, கன்னங்கரேலென்ற எழுத்து. மிக நல்ல பரிசோதனைதான். ஆனால் அது சோதிப்பது எழுத்தின் கூர்மையை மட்டும். நான் கணக்கு டீச்சர். கணக்கில் நூறு வாங்கிய பிள்ளை தமிழிலும் நூறு வாங்கியிருக்கும் என்று எந்த வாத்தியாரும் முடிவு கட்ட மாட்டார். கண் விஷயத்தில் மட்டும் ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை வைத்து முழு ரேங்க் கார்டையும் எழுதிவிடுகிறோம்.

மீதிப் பாடங்கள் என்னென்ன? வகுப்புக்குத் திரும்பியதும் நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன்.

துடைத்துத் துடைத்துச் சாம்பல் நிறமாகிப்போன கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து கரைந்துபோனது. பலகை அதேதான், எழுத்தும் பெரியதுதான். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் எனக்குப் போதவில்லை. விடைத்தாள் திருத்தும் சிவப்பு மை, வலது கண்ணுக்குச் சிவப்பு. இடது கண்ணுக்கு வெளுத்துப்போன செங்கல். சிமெண்ட் படிக்கட்டில் கடைசிப் படி எங்கே முடிகிறது என்று கால்தான் தேடிக் கண்டுபிடிக்கும். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கு நடந்து வந்தால் இடது கண்ணில் திரை விழும். மின்விசிறிக்குக் கீழே அரைமணி உட்கார்ந்தால் விலகும். எதிரே வரும் சைக்கிள் நேராக வருகிறதா, வளைந்து வருகிறதா என்று ஒரு நொடி குழப்பம் வரும்.

"ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்பார்கள் சக ஆசிரியர்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் நாலு முறை இதைக் கேட்டவர் ஐந்தாம் முறை வாயைத் திறக்க மாட்டார்.

இவை எதுவும் மனப்பிரமை இல்லை. பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போல ஒவ்வொன்றுக்கும் மயலின் என்ற உறை. அழற்சி அந்த உறையை உரித்துவிடுகிறது. குணமாகும்போது உறை ஓரளவு வளரும். சில இழைகள் போனது போனதுதான். மிஞ்சியவை கரிய எழுத்தைப் படிக்கப் போதும். மங்கலான சேலையில் மங்கலான பூவைப் பிரித்தறியப் போதாமல் போகலாம். உறை தேய்ந்த இழையில் உடற்சூடு ஏறினால் செய்தி தடைப்படும். இதை ஊத்தாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890லேயே பதிவு செய்தார். ஒரு கண்ணின் செய்தி கொஞ்சம் தாமதமாக மூளைக்குப் போனால் நகரும் பொருளின் இடம் தப்பாகத் தெரியும். 1922இல் இதை விளக்கிய இயற்பியலாளர் புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தான் விளக்கியதை அவரால் பார்க்கவே முடியாது! கண்ணால் பார்க்காததை அவர் நம்பினார். நம் வீட்டு மனுஷியின் வார்த்தையை நாம் நம்பக் கூடாதா?

"இதற்கு மருந்து இல்லையே, பேசி என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1988இல் தொடங்கி 457 பேரிடம் நடந்த பெரிய ஆய்விலும், நரம்பில் ஏற்றும் ஸ்டீராய்டு பார்வையைச் சீக்கிரம் மீட்டது. இறுதிப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தெரிந்தது. ஆனால் மருந்து இல்லாததற்கும் வழி இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

மங்கல் எழுத்துகளைக் கொண்டு வேறுபாட்டை அளக்கும் பலகை இருக்கிறது. நிறப் பரிசோதனை இருக்கிறது. அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது இரண்டையும் கேளுங்கள். குறை எங்கே என்று தெரிந்தால் இரவில் வண்டி ஓட்டலாமா என்பதையும் அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம். வீட்டில் படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு. பால் ஊற்ற அடர்நிற டம்ளர். பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு முன்வரிசையும் தெளிவாக அச்சிட்ட வினாத்தாளும். அலுவலகத்தில் வெயில் நேர அலைச்சலுக்கு விலக்கு. இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை, நன்றாக இருக்கும் கண்ணின் கூர்மையையும் பார்வைப் பரப்பையும் வைத்தே அளக்கிறது. என் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டோம். பக்கத்தில் இருப்பவர்களின் நம்பிக்கைதான் எங்களுக்குக் கிடைக்கிற சலுகை.

நம்புவது உயிர்ப் பிரச்சினையும்கூட. வெயிலில் மங்கி, உடம்பு குளிர்ந்ததும் தெளிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் மங்கல் ஒரு நாள் கடந்தும் விலகாவிட்டால், அல்லது கண்ணை அசைக்கும்போது மீண்டும் வலித்தால், அது புதிய தாக்குதலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். "எல்லாம் சரியாயிடுச்சே" என்று கேட்டுக் கேட்டு வாயடைத்துப்போனவர் அன்றைக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார். எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி ஒருவர் இருந்தால், "சரியாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். "எதெல்லாம் இன்னும் சிரமமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருங்கள்.