ஒரே பெயரில் இரு நோய்கள்

2011 ஒக்டோபர் 5ஆம் திகதி அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் மறைந்தபோது, கணையப் புற்றுநோய் அவரைக் கொன்றதாகப் பத்திரிகைகள் எழுதின. 2018 ஓகஸ்டில் பாடகி அரிதா பிராங்ளின் மறைந்தபோதும் அதே தலைப்பு. பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது எமது சோம்பல்.

இருவரையும் பீடித்தது, கணையத்தில் ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. சமிபாட்டுச் சாற்றுக் குழாய்களில் தோன்றும் வழமையான கணையப் புற்றுநோய் வேறு. அமெரிக்கக் கணக்கின்படி, வழமையான வகையில் 5 ஆண்டுகள் உயிர்வாழ்வோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். மற்றையதில் ஏறத்தாழ அரைவாசிப் பேர். பரவுமுன் கண்டறியப்பட்டோரில் 90 சதவீதத்துக்கும் மேல். 2003இல் நோய் கண்டறியப்பட்ட ஜொப்ஸ், சத்திரசிகிச்சையை ஒன்பது மாதங்கள் தள்ளிப்போட்டும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பொய் நம்பிக்கை ஊட்டுவது என் நோக்கமன்று. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் 5 ஆண்டுகள் வாழ்வோர் நால்வரில் ஒருவரே. ஆயினும் எமது தலைப்பை வாசித்து, சிகிச்சையையே கைவிடும் நோயாளிக்கு யார் பொறுப்பு? மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: எந்த வகை? எத்தனையாம் தரம்? அதன் பின் அழலாம்.