“கொஞ்சம்தானே, சாப்பிடு!” என்று சொல்லாதீர்கள்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் வாங்கும் உங்கள் தோழி, “சம்பால் வேண்டாம், எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது” என்கிறாள். “இதில் இறாலே இல்லையே! கொஞ்சம்தானே, சாப்பிடு” என்று நீங்கள் வற்புறுத்தியதுண்டா? ஆம் என்றால், இந்த வாரம் உங்களோடுதான் என் வழக்கு.

சம்பாலில் பெரும்பாலும் பெலாச்சான் இருக்கும். பெலாச்சான் என்பது சிறு இறால்களை உப்பிட்டு, நொதிக்க வைத்து, அரைத்துச் செய்வது. கண்ணுக்கு இறால் தெரியாது. ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் டிரோப்போமையோசின் என்ற புரதம் அதில் உண்டு. எண்ணெயில் வதக்கினாலும் அது எளிதில் அழியாது.

“போன வருடம் சாப்பிட்டாயே, ஒன்றும் ஆகவில்லையே?” என்றும் கேட்போம். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அப்போது வெளியே ஒன்றும் தெரியாமலே, உள்ளே ஆயத்த வேலை நடந்திருக்கலாம். சிலருடைய உடல் அந்தப் புரதத்தை எதிரி என்று தவறாகக் கருதி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றில் காவல் இருக்கும் மாஸ்ட் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

இந்த உயிரணுக்களுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். 1878இல், மருத்துவ மாணவராக எழுதிய ஆய்வேட்டில் இவற்றை விவரித்தார். உள்ளே துகள்கள் நிறைந்திருந்ததால், இவை நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்தார்! ஜெர்மன் மொழியில் ‘மாஸ்ட்’ என்றால் கொழுக்க வைத்தல். உண்மையில் அவை தீனி அல்ல. ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை அடைத்து வைத்த நுண்பைகள்.

மறுபடியும் இறால் புரதம் வரும்போது, அது பக்கத்துப் பக்கத்து எதிர்ப்பொருள்களைப் பாலம்போல் இணைக்கிறது. உடனே கால்சியம் உயிரணுவுக்குள் பாய, நுண்பைகள் வெளிச்சவ்வோடு இணைந்து சரக்கைக் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமினைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. அது கையிருப்பில் இருக்கிறது. அதனால்தான் சில நிமிடங்களிலேயே தோல் தடித்து அரிக்கிறது, உதடு வீங்குகிறது, மூச்சு இளைக்கிறது. சிலருக்கு மிகச் சிறிய அளவே இதற்குப் போதும். உடல் முழுவதும் இது நடந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

“அரிப்பு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. ஹிஸ்டமின் உட்காரும் இருக்கையில் தான் உட்கார்ந்துகொள்வதே அந்த மாத்திரையின் வேலை. அரிப்பு குறையும். மூச்சுத்திணறலையோ ரத்த அழுத்தச் சரிவையோ அது நிறுத்தாது. அதற்குத் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் வேண்டும். பிறகு தாமதிக்காமல் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

சிற்றுண்டிச்சாலைக் கடைகள் ‘பெலாச்சான் உண்டு’ என்று ஓர் அட்டை வைத்தால் என்ன? பெரிய செலவில்லை. கடைக்காரரிடம் கேட்பதற்கு மாணவர் மன்றமே போதும். அதற்கு முன், ஊசி வைத்திருக்கும் தோழியிடம் அது பையின் எந்த அறையில் இருக்கிறது என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.